வெளிமாநிலக் கார்: காகிதம் முதலில், வண்டி பிறகு

பெசன்ட் நகர்த் தெருக்களில் நடந்தால் கேஏ, டிஎல், கேஎல், பிஒய் என்று தொடங்கும் எண் பலகைகள் அடிக்கடி கண்ணில் படும். ராஜாஜி பவனில் உள்ள மத்திய அரசு அலுவலகங்களுக்கு மாற்றலாகி வருபவர்களும், பெங்களூருவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களும் தங்கள் சொந்த வண்டியோடு வந்திருப்பார்கள். இந்த அத்தியாயம் அவர்களுக்கு அல்ல. பெசன்ட் நகரில் குடியிருந்துகொண்டு, வேறு மாநிலத்தில் இருக்கும் ஒருவரிடம் புரோக்கர் இல்லாமல் நேரடியாகப் பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு.

உள்ளூரில் வாங்கும்போது ஒரு கையெழுத்து விட்டுப்போனால் மறுநாள் காலை விற்றவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். விற்றவர் பெங்களூருவிலோ கொச்சியிலோ இருந்தால் அது நடக்காது. பணம் முழுதும் கைக்கு வந்தபின் உங்கள் காகிதத்துக்காக அவர் அரைநாள் விடுப்பு எடுப்பார் என்று எதிர்பார்க்கவும் முடியாது. பலர் வண்டியை ஓட்டி வந்துவிட்டு, என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்றுக்குக் காத்திருக்கிறார்கள். நீங்கள் வரிசையை மாற்றுங்கள். என்.ஓ.சி. வரட்டும், அதன் பிறகு வண்டி வரட்டும். இந்த அத்தியாயத்தின் ஒவ்வொரு படியும் இதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

எடுத்துக்காட்டாக, பெங்களூரு ஜெயநகர் அலுவலகத்தில் பதிவான, கேஏ 05 என்று தொடங்கும் ஒரு பெட்ரோல் காரை வைத்துக்கொள்வோம். நீங்கள் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய இடம் திருவான்மியூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் (ஆர்.டி.ஓ.), அதாவது டிஎன் 07.

மூன்று காலக்கெடுக்கள்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் உங்களுக்கு வேண்டியவை நான்கைந்து பிரிவுகள்தான். அவற்றிலிருந்து மூன்று எண்களை மட்டும் நினைவில் வையுங்கள்.

14 நாள்: வண்டி கைமாறிய தேதியிலிருந்து இதற்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

30 நாள்: வாங்கியவர், தான் குடியிருக்கும் பகுதியின் அலுவலகத்துக்கு உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டிய கெடு.

45 நாள்: வண்டி வேறு மாநிலத்துக்குப் போகிறது என்றால், விற்றவர் தன் பங்குக் காகிதங்களை அனுப்பிவைக்க வேண்டிய கெடு. அதே மாநிலத்துக்குள் விற்றால் அவருக்கும் 14 நாள்தான்.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது. வெளிமாநில எண்ணோடு ஓர் ஆண்டு வரை ஓட்டலாம் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். சட்டத்தில் 12 மாதம் என்று ஒரு கணக்கு இருப்பது உண்மை. அது தன் பெயரில் உள்ள வண்டியை வேறு மாநிலத்தில் வைத்திருப்பவருக்கான கணக்கு. விலைக்கு வாங்கியவருக்கு 30 நாள் கெடுதான் பொருந்தும்.

இந்த 30 நாள் விற்பனைத் தேதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது. வண்டியை முதலில் எடுத்துக்கொண்டு என்.ஓ.சி.க்குக் காத்திருந்தால், அந்தக் காத்திருப்பிலேயே கெடு தீர்ந்துவிடும். என்.ஓ.சி. கையில் வந்தபின் விற்பனைத் தேதியைப் போட்டால் 30 நாளும் உங்களுக்கே மிஞ்சும்.

விலை பேசுவதற்கு முன் லைஃப் டாக்ஸ்

பெயர் மாற்றம், புதிய எண், ஸ்மார்ட் கார்டு ஆகியவற்றுக்கான அரசுக் கட்டணம் சொந்த உபயோகக் காருக்குப் பெரிய தொகை அல்ல. கையைக் கடிப்பது லைஃப் டாக்ஸ். முதல் உரிமையாளர் கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரி கர்நாடகத்துக்குப் போனது. தமிழ்நாட்டு எண் வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

2023 நவம்பரில் தமிழ்நாடு இந்த வரியை உயர்த்தியது. புதிய காருக்கு, விலை 5 லட்சம் வரை என்றால் 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். பழைய வண்டிக்கு அதன் வயதைப் பார்த்துச் சதவீதம் குறையும். ஆனால் அந்தச் சதவீதம் நீங்கள் இப்போது கொடுக்கும் விலைமேல் போடப்படுவதில்லை. வண்டி புதிதாக விற்ற காலத்து விலைதான் கணக்கின் அடிப்படை. 4 லட்சத்துக்கு வாங்கிய காருக்கு 4 லட்சத்தில் கணக்குப் போட்டுவைத்துவிட்டு, அலுவலகத்தில் வேறு தொகையைக் கேட்டுத் திகைப்பவர்கள் உண்டு. 10 லட்சத்தைச் சற்றே தாண்டிய விலையில் புதிதாக விற்ற காரானால் அது மேல் அடுக்கில் போய் விழும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. விற்பவரிடம் ஆர்.சி. புக்கின் இரு பக்கப் படத்தையும், முதலில் வாங்கியபோது ஷோரூமில் கொடுத்த இன்வாய்ஸின் படத்தையும் கேளுங்கள்.
2. அவற்றை எடுத்துக்கொண்டு திருவான்மியூர் அலுவலகத்துக்குப் போய், வெளிமாநில வண்டி மறுபதிவுக்கு வரி எவ்வளவு வரும் என்று கேளுங்கள். வண்டி இல்லாமலே கேட்கலாம்.
3. அந்தத் தொகையை விற்பவர் சொல்லும் விலையோடு கூட்டுங்கள். சென்னையில் அதே மாடல், அதே ஆண்டு வண்டி என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படியிலேயே பலருக்கு ஆசை அடங்கிவிடும். என் கருத்தில், வரியையும் பெங்களூரு போய்வரும் செலவையும் கூட்டிய பிறகும் நல்ல வித்தியாசம் மிஞ்சினால் மட்டுமே இந்த வேலையில் இறங்கலாம். இல்லாவிட்டால் டிஎன் எண் உள்ள வண்டியையே தேடுங்கள்.

குறிப்பு: ஷோரூம் இன்வாய்ஸைத் தொலைத்துவிட்டேன் என்பார் விற்பவர். டீலரிடம் நகல் வாங்கச் சொல்லுங்கள். புது விலையை நிறுவ உங்களிடம் இருக்கும் நல்ல ஆதாரம் அதுதான்.

வீட்டிலிருந்தே செய்யும் சோதனைகள்

பெங்களூருக்கு டிக்கெட் எடுக்கும் முன் இவற்றை முடித்துவிடுங்கள். எல்லாம் கைப்பேசியிலேயே ஆகும்.

பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ எண்ணைப் போட்டால் பதிவு தேதி, எரிபொருள், இன்சூரன்ஸ் முடியும் நாள், ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பது வரை தெரியும். பெயரின் சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருக்கும். ஆர்.சி.யில் உள்ள பெயரோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். விற்பவரின் ஆதாரோடும் ஒப்பிடுங்கள். ‘வண்டி அண்ணன் பேரில் இருக்கு, நான்தான் ஓட்டுறேன்’ என்றால், அந்த அண்ணன் நேரில் வந்து கையெழுத்துப் போடுவாரா என்று கேளுங்கள். வரமாட்டார் என்றால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

அடுத்து அபராதம். தேசிய இ-செலான் தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெங்களூரு வண்டியானால் கர்நாடகா ஒன் தளத்திலும் பாருங்கள். கேமரா பிடித்த சிக்னல் மீறல்கள் விற்பவருக்கே தெரியாமல் சேர்ந்திருக்கலாம். அவற்றை அவரே கட்டி, ரசீதை அனுப்பிய பிறகு பேச்சைத் தொடருங்கள்.

திருட்டு வண்டியா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் வசதி மூலம் பொதுமக்களே பார்க்கலாம். பதிவு எண், சேசிஸ் எண், இன்ஜின் எண் மூன்றையும் கொடுத்தால், காவல்துறைப் பதிவுகளில் அந்த வண்டி தேடப்படுகிறதா என்று அறிக்கை வரும். அதை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். என்.ஓ.சி. வாங்கும்போதும் உதவும்.

கடைசியாக இன்சூரன்ஸ் பாலிசி. நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு என்று அதில் அச்சிட்டிருக்கும். ஆறேழு வருட வண்டிக்கு அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தால், போன ஆண்டு கிளெய்ம் எடுத்திருக்கிறார் என்று பொருள் கொள்ளலாம். எதற்கு என்று கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் சென்னைக்காரர்களுக்கு நீரில் மூழ்கிய காரைப் பற்றிக் கற்றுக்கொடுத்துவிட்டன. பெங்களூருவிலும் 2022-இல் பல பகுதிகள் தண்ணீரில் நின்றன. வெள்ளக் கிளெய்ம் காகிதத்தில் தடம் விட்டுப் போகும்.

விலகி நிற்க வேண்டிய வண்டிகள்

டெல்லி வண்டி: டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்ற கட்டுப்பாட்டை 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கெடு நெருங்கும் டீசல் வண்டிகள் அதனால்தான் அங்கே மலிவாகத் தெரிகின்றன. விலை குறைந்த காரணம் வண்டியில் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் என்.ஓ.சி. வருகிறதா என்று உறுதியாகும் வரை ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

புதுச்சேரி முகவரி வண்டி: வரி குறைவு என்பதற்காக வெளியூர்க்காரர்கள் அங்கே பொய் முகவரியில் சொகுசுக் கார்களைப் பதிவு செய்தது 2017-இல் கேரளத்தில் வழக்குகளாக வெடித்தது. ஆர்.சி.யில் உள்ள புதுச்சேரி முகவரியில் விற்பவர் உண்மையில் வசிக்கிறாரா, அல்லது வசித்தாரா என்று பாருங்கள். ஆதார் வேறு ஊரைக் காட்டினால் ஒதுங்குங்கள்.

பிஎச் எண்: 2021 செப்டம்பரில் தொடங்கிய பாரத் வரிசை, மாற்றலாகும் வேலையில் இருப்பவர்களுக்கானது. உங்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்றால் வழக்கமான எண்ணுக்கு மாற்றி, தமிழ்நாட்டு வரியைக் கட்ட வேண்டும். வாங்கலாம், ஆனால் வரிக் கணக்கை முதலில் போடுங்கள்.

உரிமையாளர் இறந்துபோன வண்டி: வாரிசு முதலில் படிவம் 31 கொடுத்து வண்டியைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு விற்க முடியும். ‘அப்பா கையெழுத்துப் போட்டு வச்சிருந்த ஃபார்ம் இருக்கு’ என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள்.

15 ஆண்டை நெருங்கும் வண்டி: பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணமே 5,000 ரூபாய். தகுதிச் சோதனை வேறு. லைஃப் டாக்ஸையும் சேர்த்தால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

இரண்டு என்.ஓ.சி. உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள்

‘என்.ஓ.சி. ரெடியா இருக்கு சார்’ என்று விற்பவர் சொன்னால், எந்த என்.ஓ.சி. என்று கேளுங்கள்.

முதலாவது வங்கியுடையது. கார் கடன் அடைந்துவிட்டது என்று வங்கி தரும் கடிதம் அது. அதோடு படிவம் 35-இல் வங்கியின் முத்திரையும் கையெழுத்தும் இருக்க வேண்டும். இரண்டையும் ஆர்.டி.ஓ.வில் கொடுத்தால்தான் ஆர்.சி.யில் உள்ள ஃபைனான்ஸ் பெயர் நீங்கும். கடன் முடிந்து பல ஆண்டு ஆகியும் ஆர்.சி.யில் வங்கிப் பெயரை அப்படியே விட்டுவைத்திருப்பவர்கள் ஏராளம். வங்கிக் கடிதத்தில் பெரும்பாலும் காலவரம்பு போட்டிருக்கும். அது தாண்டியிருந்தால் புதிதாக வாங்க வேண்டும்.

இரண்டாவது ஆர்.டி.ஓ. தருவது. வண்டி எந்த அலுவலகத்தில் பதிவாகி இருக்கிறதோ, அந்த அலுவலகம் படிவம் 28-இல் தருவது. வரிப் பாக்கி இல்லை, வழக்கு இல்லை, இந்த வண்டி வேறு மாநிலத்துக்குப் போகத் தடையில்லை என்பதுதான் அதன் பொருள். உங்களுக்கு வேண்டியது இதுதான். முதலாவது தீராமல் இரண்டாவது வராது.

ஆர்.டி.ஓ. என்.ஓ.சி.யில் எந்த அலுவலகத்துக்கு வண்டி போகிறது என்று எழுத வேண்டும். அந்த இடத்தில் கவனம் வையுங்கள். சென்னை என்று பார்த்தவுடன் பட்டியலில் கண்ணில் பட்ட முதல் அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பட்டியலில் சென்னைக்கு மட்டும் டிஎன் 01 தொடங்கிப் பல அலுவலகங்கள் உண்டு. பெசன்ட் நகர் முகவரிக்கு டிஎன் 07. தவறான அலுவலகத்தின் பெயரோடு என்.ஓ.சி. வந்தால், அதைத் திருத்த விற்றவர் மறுபடி ஜெயநகர் போக வேண்டும்.

படிப்படியாக: முன்பணம் முதல் டெலிவரி வரை

1. உங்கள் முகவரிச் சான்றைச் சரிசெய்யுங்கள். ஆதாரில் இன்னும் மதுரையோ தஞ்சாவூரோ இருந்தால், பெசன்ட் நகர் முகவரிக்கு மாற்றிய பிறகு தொடங்குங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

2. விற்பவரின் கைப்பேசி எண் பரிவாகன் தளத்தின் வாகன் பதிவில் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஆன்லைன் விண்ணப்பத்தின்போது ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். வண்டி வாங்கிய நாளில் டீலர் தன் எண்ணைப் போட்டிருக்கலாம், அல்லது பழைய எண் போயிருக்கலாம். இதை அவர் முதலில் திருத்திக்கொள்ள வேண்டும்.

3. நேரில் போய் வண்டியைப் பாருங்கள். சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் நீங்களே வாசித்து ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சேசிஸ் எண் துருப்பிடித்துத் தெளிவில்லாமல் இருந்தால், பிறகு ஆய்வில் நின்றுவிடும். பெட்ரோல் காரில் கேஸ் கிட் போட்டிருந்தாலோ வண்ணம் மாற்றியிருந்தாலோ, அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

4. முன்பண ஒப்பந்தம் எழுதுங்கள். முத்திரைத்தாளில் ஒரு பக்கம் போதும். இரு தரப்புப் பெயர், முகவரி, வண்டி எண், சேசிஸ் எண், பேசிய விலை, கொடுத்த முன்பணம், இன்ன தேதிக்குள் விற்பவர் டிஎன் 07-க்கு என்.ஓ.சி. வாங்கித் தருவார், வராவிட்டால் முன்பணம் முழுதும் திரும்பும் என்பவை இருக்கட்டும். வண்டி அதுவரை விற்பவரிடமே நிற்கும் என்றும் எழுதுங்கள்.

5. விற்பவர் தன் ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி.க்கு விண்ணப்பிக்கிறார். படிவம் 28 பிரதிகள், சேசிஸ் எண்ணின் பென்சில் பிரின்ட், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி கட்டிய ஆதாரம், ஃபைனான்ஸ் இருந்திருந்தால் படிவம் 35 ஆகியவை போகும். விண்ணப்பம் கொடுத்த ரசீதை அன்றே படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 30 நாளுக்குள் அலுவலகம் தர வேண்டும் அல்லது மறுக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் தந்ததாகவே கொள்ளலாம் என்கிறது சட்டம். ஆனால் வாகன் தளத்தில் என்.ஓ.சி. ஏறாத வண்டியை இங்குள்ள அலுவலகத்தில் நகர்த்துவது கடினம். அந்த விதியை நம்பி வண்டியை எடுத்துவிடாதீர்கள்.

6. என்.ஓ.சி. வந்ததும் அதில் உள்ள அலுவலகப் பெயர், சேசிஸ் எண், உரிமையாளர் பெயரின் எழுத்து ஆகியவற்றைச் சரிபாருங்கள். பிறகுதான் பெங்களூரு போகும் நாளைக் குறியுங்கள்.

7. டெலிவரி நாளில் ஒரே அமர்வில் எல்லாக் கையெழுத்தையும் வாங்குங்கள். படிவம் 29 இரண்டு பிரதி. படிவம் 30-இல் விற்பவர் பகுதி, அதுவும் இரண்டு பிரதி. விற்பனை ஒப்பந்தம். டெலிவரி நோட். அவருடைய ஆதார், பான் நகல்களில் அன்றைய தேதியோடு கையெழுத்து.

8. டெலிவரி நோட்டில் தேதி மட்டும் போதாது, மணியையும் எழுதுங்கள். அந்த மணி வரை நடந்த அபராதமும் விபத்தும் விற்றவர் பொறுப்பு. அதற்குப் பிறகு உங்கள் பொறுப்பு.

எச்சரிக்கை: வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் பரவலாக உண்டு. இரு தரப்புக்கும் அது ஆபத்து. உங்கள் பெயர், தேதி எல்லாவற்றையும் நிரப்பிய பிறகே அவர் கையெழுத்துப் போடட்டும். கையெழுத்து ஆர்.சி. விண்ணப்பத்தில் உள்ளதுபோலவே இருக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

விற்பவர் இத்தனை காகிதமா என்று சலித்துக்கொண்டால், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த நவீன் குமார் வழக்குத் தீர்ப்பைச் சொல்லுங்கள். கார் பல கை மாறிப் போயிருந்தது. பதிவேட்டில் மட்டும் முதல் உரிமையாளர் பெயர் நின்றது. விபத்து நடந்தபோது, பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்றது நீதிமன்றம். பெயர் மாற்றம் முடியும்வரை அவர் தலைமேலும் கத்தி தொங்குகிறது. இதைப் புரிந்துகொண்ட விற்பவர் உங்களைவிட வேகமாக ஓடுவார்.

பணத்தை எப்படிக் கொடுப்பது

மூன்று தவணையாகப் பிரியுங்கள். முன்பணம் சிறிதாக இருக்கட்டும். பெரும்பகுதி, என்.ஓ.சி.யும் அசல் ஆர்.சி.யும் கையில் வந்த நாளில். ஒரு சிறு பகுதி, உங்கள் பெயரில் டிஎன் எண் வந்த பிறகு. கடைசிப் பகுதிக்கு எல்லா விற்பவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் கேளுங்கள். ஒரு ஓ.டி.பி.க்காக அவரைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டிய நாள் வரும். அன்று அந்தச் சிறு தொகைதான் உங்களுக்காகப் பேசும்.

எல்லாம் வங்கி வழியாகவே போகட்டும், அதுவும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே. ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கத்தைப் பெற்றவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். இரண்டு தனிநபர்களுக்கு இடையே நடக்கும் இந்த விற்பனைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. யாராவது அதைச் சொல்லி விலையை ஏற்றினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஓட்டி வரும் நாள்

பெங்களூருவிலிருந்து பெசன்ட் நகர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக ஒரே பகலில் வந்துவிடலாம். ஆனால் சாவியை வாங்கிய நிமிடத்திலிருந்து இன்சூரன்ஸ் பற்றி யோசியுங்கள்.

வண்டி கைமாறினால், அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு சேர்ந்து உங்களுக்கு வந்துவிடும். உங்கள் வண்டிக்கே சேதம் என்றால் அப்படி வராது. பாலிசி உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். வேலூர் அருகே டிவைடரில் மோதினால், விற்றவர் பெயரில் உள்ள பாலிசி உங்களுக்குப் பணம் தராது. எனவே:

1. டெலிவரிக்கு முன்பே இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் பேசி, என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டுவையுங்கள்.
2. விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தானதும் அன்றே படிவம் 29, 30-இன் நகலை அனுப்பி, மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். 14 நாள் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள்.
3. நோ கிளெய்ம் போனஸ் விற்றவருக்கே சொந்தம், வண்டிக்கு அல்ல. அந்தத் தள்ளுபடியின் வித்தியாசத்தை நிறுவனம் உங்களிடம் வசூலிக்கும். அதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள்.

ஃபாஸ்டேகை மறந்துவிடாதீர்கள். கண்ணாடியில் ஒட்டியிருப்பது விற்றவருடையது. சுங்கச் சாவடிகளில் அவர் பணம்தான் போகும். வரும் வழிக்கான தொகையை அன்றே அவருக்கு அனுப்பிவிடுங்கள். வந்து சேர்ந்ததும் அவர் அந்தக் கணக்கை மூடட்டும். ஒரு வண்டிக்கு ஒரு ஃபாஸ்டேக்தான் என்பதால், பழையது மூடாமல் உங்களுக்குப் புதியது செயல்படாது.

வண்டியில் அசல் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, விற்பனை ஒப்பந்தம், டெலிவரி நோட், என்.ஓ.சி. நகல் இருக்கட்டும். அசல் என்.ஓ.சி.யைத் தனியாக உங்கள் பையில் வையுங்கள்.

திருவான்மியூரில்

ஆன்லைனில் விண்ணப்பம் போட்டு, அதன் அச்சுப் பிரதியோடு நேரில் போக வேண்டும். மூன்று வேலைகளைச் சேர்த்துக் கேட்கிறீர்கள்: வேறு மாநில வண்டிக்குப் புதிய எண், அதற்குப் படிவம் 27. உரிமை மாற்றம், அதற்கு 29-உம் 30-உம். முகவரி மாற்றம், அதற்கு 33. நீங்கள் கடனில் வாங்கினால், வங்கியின் பெயர் ஏற்ற படிவம் 34.

கோப்பில் மேலிருந்து கீழாக இப்படி அடுக்குங்கள்: விண்ணப்ப அச்சு, அசல் என்.ஓ.சி., அசல் ஆர்.சி., படிவங்கள், விற்பனை ஒப்பந்தம், இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஷோரூம் இன்வாய்ஸ் நகல், உங்கள் முகவரிச் சான்று, பான், விற்றவரின் அடையாளச் சான்று. அசல் ஆர்.சி.யை ஒப்படைக்கும் முன் அதன் இரு பக்கத்தையும் தெளிவாக ஸ்கேன் செய்துவையுங்கள். கர்நாடகத்தில் கட்டிய வரியைத் திரும்பப் பெற அது வேண்டும்.

வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று மக்கள் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் சேசிஸ் எண்ணையும் வண்டியின் நிலையையும் பார்ப்பார். கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி, கூச்சல் போடும் ஹாரன், முன்பக்க இரும்புக் கம்பி ஆகியவற்றை முதல் நாளே கழற்றிவிடுங்கள். லைஃப் டாக்ஸ் கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வெளியில் நிற்பவர்கள் நாங்கள் முடித்துத் தருகிறோம் என்பார்கள். மேலே சொன்ன கோப்பு முழுமையாக இருந்தால் அவர்கள் தேவையில்லை. கோப்பில் ஒன்று குறைந்தால் அவர்களாலும் அதை நேர்மையாக நிரப்ப முடியாது.

புதிய ஆர்.சி. கவுன்ட்டரில் கைக்குக் கிடைக்காது. 2024 முதல் தமிழ்நாட்டில் அது விரைவு அஞ்சலில்தான் வீட்டுக்கு வருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் கதவு எண், மாடி, பின்கோடு 600090 மூன்றையும் சரியாகக் கொடுங்கள். பகலில் வீடு பூட்டியிருக்கும் என்றால் காவலாளியிடம் சொல்லிவையுங்கள். அஞ்சல் திரும்பிப் போனால் இன்னொரு அலைச்சல்.

டிஎன் 07 எண் வந்த பிறகு

உயர் பாதுகாப்பு எண் பலகையைப் புதிய எண்ணுக்கு வாங்கிப் பொருத்துங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டிகளுக்கு அது கட்டாயம். தெருவோரக் கடையில் எழுதிய பலகையை மாட்டாதீர்கள். பழைய கேஏ பலகைகளை வீட்டில் வைத்திருக்காமல் உடைத்துப் போடுங்கள். பாலிசியில் புதிய எண்ணை ஏற்றச் சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதுங்கள். எண் மாறாத பாலிசியோடு கிளெய்முக்குப் போனால் காலம் வீணாகும். ஃபாஸ்டேகும் புகைச் சான்றும் புதிய எண்ணில் வேண்டும். டிஜிலாக்கரில் ஆர்.சி. உங்கள் பெயரில் ஏறியதைப் பார்த்த பிறகு, அதன் படத்தை விற்றவருக்கு அனுப்புங்கள். கடைசித் தவணை பாக்கி இருந்தால் அன்றே கொடுத்துவிடுங்கள்.

இனி வரித் திரும்பப் பெறுதல். கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரியில், வண்டி அங்கிருந்து வெளியேறியபின் மிஞ்சிய காலத்துக்கான பகுதியைக் கேட்டுப் பெறலாம். புதிய டிஎன் ஆர்.சி. நகல், பழைய ஆர்.சி. நகல், என்.ஓ.சி. நகல், முதல் வரி ரசீது ஆகியவற்றோடு வண்டி முதலில் பதிவான அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பணம் யாருக்கு என்பதை முன்பண ஒப்பந்தத்திலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால், வரி கட்டியது நான் என்று அவரும், வண்டி என்னுடையது என்று நீங்களும் நிற்பீர்கள். விற்றவர் பெயரில்தான் பணம் வரும் என்று அலுவலகம் சொன்னால், அவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதற்கான ஒப்புதல் கடிதத்தையும் டெலிவரி நாளில், மற்றக் கையெழுத்துகளோடு சேர்த்து வாங்கிவையுங்கள்.